காவல் இல்லாத பக்கம்

கேள்வி: ஐயா, ஸ்தோத்திரம். எனக்கு வயது 51. பள்ளி ஆசிரியை. எங்கள் சபையில் பல வருடங்களாக ஓய்வுநாள் பள்ளியைக் கவனித்து வருகிறேன். பெண்கள் ஐக்கிய சங்கத்திலும் பொறுப்பு இருக்கிறது. தாத்தா காலத்திலிருந்தே நாங்கள் கிறிஸ்தவக் குடும்பம். யாராவது ஜெபிக்கச் சொன்னால் தடையில்லாமல் ஜெபிப்பேன். ஆனால் தனியாக முழங்கால் போட்டு எவ்வளவு நாளாயிற்று என்று சொல்லத் தெரியவில்லை. பாடம் தயாரிக்க வேதத்தைத் திறப்பதோடு சரி. மாமியார் இருந்தவரை தினமும் இரவு குடும்ப ஜெபம் நடக்கும். அவர்கள் போனபின் அதுவும் நின்றுவிட்டது. பெரிய பாவம் எதிலும் நான் விழவில்லை. ஆனால் இதற்காக வருத்தம்கூட வரவில்லை, அதுதான் பயமாக இருக்கிறது. கடைசிக் காலத்தைப் பற்றிய செய்திகளை யூடியூபில் கேட்டால் இரண்டு நாள் உதறல் எடுக்கும், அப்புறம் பழையபடி ஆகிவிடும். அப்பா இறந்தபின் வீட்டு விஷயத்தில் தம்பியோடு மனஸ்தாபமாகி மூன்று வருடமாகப் பேச்சு இல்லை, அது வேறு விஷயம். நான் ஆவிக்குரிய தூக்கத்தில் இருக்கிறேனா? ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பை விட்டுவிடலாமா?
— ஒரு சகோதரி, தூத்துக்குடி மாவட்டம்

அன்புள்ள சகோதரி,

உங்கள் கடிதத்தை ஒருமுறைக்கு மேல் வாசித்தேன். வருத்தம் வரவில்லையே என்று பயப்படுகிறீர்கள். அந்தப் பயத்தை அவசரப்பட்டு விரட்டிவிடாதீர்கள். உங்களுக்குள் ஆவியானவர் இன்னும் பேசிக்கொண்டிருக்கிறார் என்பதற்கு எனக்குத் தெரிந்த அடையாளம் அதுதான். ஒரு ஜெபக்கூட்டத்துக்குப் போய் அழுதுவிட்டு வந்தால் அந்தப் பயம் ஆறிப்போகும். ஆனால் அது எதைச் சுட்டிக்காட்ட வந்ததோ அது அப்படியே இருக்கும்.

மேலே போகும்முன் ஒன்றைக் கேட்டுவிட வேண்டும். இந்த வெறுமை ஜெபத்தில் மட்டும்தானா, எல்லாவற்றிலுமா? சாப்பாடு ருசிக்கவில்லை, இரவில் தூக்கம் பிடிக்கவில்லை, பிடித்த வேலையிலும் மனம் ஒட்டவில்லை, காரணமில்லாமல் எரிச்சல் வருகிறது என்றால் முதலில் ஒரு டாக்டரைப் பாருங்கள். உங்கள் வயதில் உடம்பு மாறுகிற நேரம். மாமியாரின் பிரிவும் இருக்கிறது, அதைப் பற்றி நீங்கள் ஒரே வரிதான் எழுதியிருக்கிறீர்கள். எலியா சூரைச்செடியின்கீழ் படுத்துக்கொண்டு சாகவேண்டும் என்று கேட்டபோது தேவன் அவரைக் கடிந்துகொள்ளவில்லை. தழலில் சுட்ட அடையும் ஒரு பாத்திரத்தில் தண்ணீரும் கொடுத்துத் தூங்கவிட்டு, எழுப்பி மறுபடியும் சாப்பிட வைத்தார். களைப்பைப் பாவம் என்று நினைத்து உங்களையே அடித்துக்கொள்ள வேண்டாம்.

ஆனால் கடிதத்தைப் பார்த்தால் நீங்கள் மற்ற வேலைகளை நன்றாகத்தான் செய்துகொண்டிருக்கிறீர்கள். பள்ளி நடக்கிறது, சங்கம் நடக்கிறது, பொது ஜெபம் தடையில்லாமல் வருகிறது. ஆகவே உங்களிடம் சர்தை சபையைப் பற்றிப் பேச நினைக்கிறேன்.

வெளிப்படுத்தின விசேஷத்தில் ஏழு சபைகளுக்குக் கடிதம் போகிறது. நம் பிரசங்கங்களில் அதிகம் அடிபடுவது லவோதிக்கேயாதான், வெதுவெதுப்பு என்றால் உடனே அங்கே போய்விடுவோம். எனக்கு எப்போதும் கூடுதலாகப் பயம் தருவது சர்தைக்கு எழுதியது. சிமிர்னாவின் உபத்திரவமோ பெர்கமுவின் கள்ளப்போதகமோ அந்தக் கடிதத்தில் இல்லை. யாரும் அந்தச் சபையை எதிர்த்ததாகத் தெரியவில்லை, நல்ல பேரும் இருந்தது. "நீ உயிருள்ளவனென்று பெயர்கொண்டிருந்தும் செத்தவனாயிருக்கிறாய்" என்று கர்த்தர் சொல்கிறார். அடுத்த வசனம், "நீ விழித்துக்கொண்டு, சாகிறதற்கேதுவாயிருக்கிறவைகளை ஸ்திரப்படுத்து." மூன்றாம் வசனத்தில், விழித்திராவிட்டால் திருடனைப்போல் வருவேன் என்கிறார்.

சர்தை ஊர்க்காரர்களுக்கு இந்த வார்த்தைகள் எப்படிக் கேட்டிருக்கும் என்பதற்கு அந்த ஊரின் பழைய கதை தெரிந்திருக்க வேண்டும். இன்றைய துருக்கியில், இஸ்மிர் நகரத்துக்குக் கிழக்கே, மலையடிவாரத்தில் அதன் இடிபாடுகள் இருக்கின்றன. லீதியா ராஜ்யத்தின் தலைநகரமாக இருந்த ஊர். கோட்டை செங்குத்தான மலைமேல் இருந்தது. கி.மு. 546 வாக்கில் குரோயீசஸ் என்ற ராஜா ஆண்டார், செல்வத்துக்குப் பேர்போனவர். நம் வேதாகமத்தில் யூதரை எருசலேமுக்குத் திரும்ப அனுப்புகிற அதே பெர்சிய ராஜா கோரேசோடு நடந்த போர் முடிவில்லாமல் நின்றது. குரோயீசஸ் ஊருக்குத் திரும்பி, குளிர்காலம் வருகிறது, இனி யார் வரப்போகிறார்கள் என்று கூலிப்படையை வீட்டுக்கு அனுப்பிவிட்டார். கோரேசோ பின்னாலேயே வந்து நின்றார். முற்றுகை தொடங்கிப் பதினான்காம் நாள் நகரம் விழுந்தது.

விழுந்த விதத்தை ஹெரோடோட்டஸ் என்ற கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதிவைத்திருக்கிறார். கோட்டையின் ஒரு பக்கம் மிகவும் செங்குத்து, அங்கே காவல் போடவில்லை. அந்தப் பக்கத்திலிருந்து ஒரு லீதியச் சிப்பாயின் தலைக்கவசம் உருண்டு கீழே விழுந்தது. அவன் இறங்கிவந்து அதை எடுத்துக்கொண்டு மறுபடி ஏறிப்போனான். கீழே நின்ற பெர்சியப் படைவீரன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டான். லீதியன் இறங்கிய வழியே பெர்சியர்கள் ஏறினார்கள். இன்னொரு பழங்கதையையும் அவர் சொல்கிறார். முற்காலத்து ராஜா ஒருவர், ஊருக்குப் பாதுகாப்பாக இருக்கும் என்று ஒரு சிங்கத்தை மதில் முழுவதும் சுற்றிக் கொண்டுபோனாராம். இந்தப் பக்கத்தை மட்டும், இங்கே யார் ஏறப்போகிறார்கள் என்று விட்டுவிட்டாராம்.

ஒருமுறை அடிபட்ட ஊர் திருந்தியிருக்க வேண்டும். ஏறக்குறைய 330 ஆண்டுகள் கழித்து, மூன்றாம் அந்தியோகஸ் என்ற செலூக்கிய ராஜாவின் காலத்தில் மறுபடியும் முற்றுகை. இந்த முறை முற்றுகையிட்ட படையிலிருந்த லாகோராஸ் என்ற கிரேத்தா தீவுக்காரன் மதிலைக் கவனித்துக்கொண்டே இருந்தான். செத்த மிருகங்களைத் தூக்கிப் போடுகிற பள்ளத்துக்கு மேலே ஓரிடத்தில், இரை தின்ற பறவைகள் மதில்மேல் நிம்மதியாக வந்து உட்கார்ந்தன. ஆள் நடமாட்டம் இருந்தால் உட்காருமா? அங்கே காவல் இல்லை என்று கண்டுகொண்டான். இரவில் ஏணி வைத்தார்கள். பாலிபியஸ் என்ற இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் இதை எழுதியிருக்கிறார்.

இரண்டு முறையும் சர்தையில் காவலாளிகள் இருந்தார்கள், விழித்தும் இருந்தார்கள். எதிரி வருவான் என்று எதிர்பார்த்த இடங்களில் எல்லாம் சரியாகத்தான் நின்றார்கள். "இங்கே நமக்கு ஒன்றும் ஆகாது" என்று நினைத்த இடத்தில்தான் ஊர் போயிற்று.

நம் சபைகளில் விழிப்பாயிரு என்றால் பலவீனங்களைக் காத்துக்கொள் என்று மட்டுமே சொல்லித் தருகிறோம். குடி, சினிமா, தவறான பழக்கம், கடன் என்று ஒரு பட்டியல் வைத்திருக்கிறோம். அந்த வாசல்களில் காவல் வேண்டியதுதான். ஆனால் வேதத்தில் பெரியவர்கள் விழுந்த இடங்களைப் பாருங்கள். பூமியிலுள்ள சகல மனிதரிலும் மிகுந்த சாந்தகுணமுள்ளவர் என்று பேர் வாங்கியவர் மோசே. அவர் கானானுக்குள் போகாமல் நின்றது எதனால்? மேரிபாவில் "கலகக்காரரே, கேளுங்கள்" என்று கத்திக் கன்மலையை இரண்டுதரம் அடித்த கோபத்தினால். பேதுருவுக்குத் தைரியம் இருந்தது. "எல்லாரும் இடறலடைந்தாலும், நான் ஒருக்காலும் இடறலடையேன்" என்றவர். அவரைச் சாய்க்க ரோமப் போர்ச்சேவகன் தேவைப்படவில்லை, ஒரு வேலைக்காரியின் கேள்வி போதுமானதாக இருந்தது. "தன்னை நிற்கிறவனென்று எண்ணுகிறவன் விழாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கக்கடவன்" என்று பவுல் கொரிந்தியருக்கு எழுதும்போது, ஏற்கெனவே தள்ளாடுகிறவனைப் பார்த்து அதைச் சொல்லவில்லை.

இப்போது உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். அதில் பலமான இடம் என்று நீங்கள் நினைப்பவை எவை? தடையில்லாமல் ஜெபிப்பேன். ஓய்வுநாள் பள்ளியைப் பல வருடங்களாக நடத்துகிறேன். தாத்தா காலத்துக் கிறிஸ்தவக் குடும்பம். பெரிய பாவத்தில் விழவில்லை. இவை எல்லாமே நன்மைகள், தேவன் தந்தவை. இவை இருப்பதனால்தான் இந்தப் பக்கங்களில் காவல் தேவை என்று உங்களுக்குத் தோன்றவில்லை. ஜெபிக்கத் தெரிந்தவர்களுக்கு ஜெபிக்காமலேயே பல வருடம் ஓட்டிவிட முடியும். வார்த்தைகள் பழகிப்போயிருக்கும், வசனங்கள் தானாக வந்து விழும், கேட்கிறவர்கள் ஆமென் சொல்வார்கள். திக்கித்திணறி ஜெபிக்கிற ஒரு புது விசுவாசிக்கு இந்த ஆபத்து வராது. ஊழியத்தில் இருக்கிற என்னைப் போன்றவர்களுக்கு இது உங்களைவிட அதிகம்.

பிறகு அந்த ஒரு வரி. தம்பியைப் பற்றி எழுதிவிட்டு, "அது வேறு விஷயம்" என்று முடித்திருக்கிறீர்கள்.

சகோதரி, கோபித்துக்கொள்ளாதீர்கள். கடிதம் முழுவதிலும் என்னை அதிக நேரம் நிறுத்தி வைத்தது அந்த வரிதான். அது வேறு விஷயம் இல்லை. உங்கள் தனி ஜெபம் எப்போது நின்றது என்று சொல்லத் தெரியவில்லை என்கிறீர்கள். தம்பியோடு பேச்சு நின்றது எப்போது என்று மட்டும் தெளிவாகத் தெரிந்திருக்கிறது. இரண்டையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். தனியாக முழங்கால் போட்டால் தம்பியின் முகம் வந்து நிற்கும் என்பதனால் முழங்கால் போடுவதையே விட்டுவிட்டீர்களோ? எனக்குத் தெரியாது, உங்களுக்குத் தெரியும். பத்துப் பேர் நடுவில் ஜெபிக்கும்போது அந்த முகம் வராது, அதனால் அந்த ஜெபம் மட்டும் தடையில்லாமல் நடக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பலிபீடத்தண்டை காணிக்கையோடு வந்தவன், தன் சகோதரனுக்குத் தன்பேரில் குறை உண்டென்று நினைவு வந்தால் காணிக்கையை அங்கேயே வைத்துவிட்டுப் போய் முதலில் ஒப்புரவாக வேண்டும் என்று ஆண்டவர் மலைப்பிரசங்கத்தில் சொன்னார். குறை நியாயமானதா என்று அங்கே அவர் கேட்கவில்லை.

இங்கே ஒரு தவறான முடிவுக்கு நீங்கள் போய்விடக்கூடாது. ஒப்புரவாவது என்றால் உங்கள் பங்கை விட்டுக்கொடுப்பது என்று நான் சொல்லவில்லை. 1925ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி, உயில் எழுதாமல் இறந்த கிறிஸ்தவத் தகப்பனின் சொத்தில் மகனுக்கும் மகளுக்கும் சமபங்கு உண்டு. அதைக் கேட்பது பாவமல்ல. பெண் பிள்ளை சொத்து கேட்டால் ஆசை பிடித்தவள் என்று பேசுகிற வழக்கம் நம் கிறிஸ்தவக் குடும்பங்களில் இன்னும் இருக்கிறது, அதற்கு வேதத்தில் ஆதாரமே இல்லை. செலொப்பியாத்தின் குமாரத்திகள் தங்கள் தகப்பனின் பங்கைக் கேட்டபோது, அவர்கள் கேட்பது சரி என்று கர்த்தரே மோசேயிடம் சொன்னார். கணக்கு ஒரு பக்கம் நடக்கட்டும், வக்கீல் வேண்டுமென்றால் வக்கீல் பார்க்கட்டும். தம்பியின் பிள்ளைகள் எப்படி இருக்கிறார்கள் என்று கேட்பதற்கு அந்தக் கணக்கு முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை.

யூடியூப் செய்திகளைப் பற்றி அதிகம் சொல்ல மாட்டேன். உதறல் வேறு, விழிப்பு வேறு. அமெரிக்காவில் வில்லியம் மில்லர் என்ற பிரசங்கியைப் பின்பற்றினவர்கள் 1844 அக்டோபர் 22 அன்று ஆண்டவர் வருவார் என்று காத்திருந்தார்கள். அந்த நாள் கடந்துபோனபின் பலருடைய விசுவாசமும் அதோடு போயிற்று. நாள் குறிக்கிறவர்களின் பேச்சைக் கேட்டு வருகிற பயம் அந்த நாளோடு முடிந்துவிடும், உங்களுக்கு அது இரண்டே நாளில் முடிகிறது. மாற்கு 13ஆம் அதிகாரத்தில், புறத்தேசம் போகிற எஜமான் அவனவனுக்குத் தன்தன் வேலையை நியமித்துவிட்டுப் போகிறார். வானத்தைப் பார்த்துக்கொண்டிரு என்று அவர்களில் யாருக்கும் சொல்லவில்லை.

மணவாளனுக்கு எதிர்கொண்டுபோகத் தீவட்டிகளோடு புறப்பட்ட பத்துக் கன்னிகைகளின் உவமையை இந்த வாரம் ஒருமுறை மெதுவாக வாசியுங்கள். புத்தியுள்ள ஐந்து பேரும் தூங்கிவிட்டார்கள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மணவாளன் வரத் தாமதித்தபோது "அவர்கள் எல்லாரும் நித்திரைமயக்கமடைந்து தூங்கிவிட்டார்கள்." வித்தியாசம் எண்ணெயில் இருந்தது. நான் அதை இப்படி எடுத்துக்கொள்கிறேன்: இருபத்து நான்கு மணி நேரமும் பதற்றத்தோடு இருக்கும்படி ஆண்டவர் கேட்கவில்லை. அசந்துபோகிற நாட்கள் வரும். நடு ராத்திரியில் சத்தம் கேட்டு எழுந்திருக்கும்போது கையில் எண்ணெய் இருக்க வேண்டும், அதைப் பக்கத்து வீட்டில் கடன் வாங்க முடியாது. உங்கள் வீட்டில் பல வருடங்களாக எரிந்தது மாமியாரின் எண்ணெய். அவர்கள் இருந்தவரை எல்லாருக்கும் வெளிச்சம் இருந்தது. அவர்கள் போனபின் வீடு இருட்டாகியிருக்கிறது என்றால் உங்கள் விசுவாசம் பொய் என்று ஆகாது. இதுவரை உங்களுக்கென்று எண்ணெய் வாங்கவேண்டிய அவசியம் வரவில்லை, இப்போது வந்திருக்கிறது.

சரி, எங்கே தொடங்குவது? நான் ஆலோசனைக்கு வருகிறவர்களுக்குச் சொல்வதையே சொல்கிறேன். மாற்கு சுவிசேஷத்தை எடுத்துக்கொள்ளுங்கள், பதினாறே அதிகாரம். பேனா வேண்டாம், நோட்டு வேண்டாம், பாடக் குறிப்பு எடுக்கக் கூடாது. இதைப் பிள்ளைகளுக்கு எப்படிச் சொல்லலாம் என்று மனம் ஓடும். ஆசிரியைக்கு அது வரத்தான் செய்யும். ஓடும்போது நிறுத்திக்கொண்டு, இது எனக்கு என்ன சொல்கிறது என்று கேளுங்கள். ஒரு நாளைக்கு அரை அதிகாரம் வாசித்தாலும் போதும். ஜெபத்துக்கு உங்கள் சொந்த வார்த்தைகளைக் கொஞ்ச நாள் ஓரமாக வைத்துவிடுங்கள், அவை மிகவும் பழகிப்போய்விட்டன. இரவில் படுக்குமுன் 139ஆம் சங்கீதத்தின் கடைசி இரண்டு வசனங்களை, "தேவனே, என்னை ஆராய்ந்து, என் இருதயத்தை அறிந்துகொள்ளும்" என்பதை, சத்தமாகச் சொல்லிவிட்டுச் சும்மா இருங்கள். அன்றைய நாளில் யாரிடம் பேசினோம், எதை மறைத்தோம், எங்கே மனம் குத்தியது என்று வருகிறவை வரட்டும். ஒன்றும் வராத இரவும் இருக்கும். மறுநாள் மறுபடி உட்காருங்கள்.

குடும்ப ஜெபத்தை மாமியார் நடத்திய மாதிரியே நடத்த முயலாதீர்கள், ஒரு வாரத்தில் விட்டுவிடுவீர்கள். கணவரிடம் சொல்லி ஒரு சங்கீதமும் பரமண்டல ஜெபமும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் வெளியூரில் இருந்தால் வாரத்தில் ஒரு நாள் போனில் சேர்ந்துகொள்ளட்டும்.

தனியாக இதைச் செய்ய முடியாது என்பதையும் சொல்ல வேண்டும். எபிரெயர் நிருபம், பாவத்தின் வஞ்சனையினாலே ஒருவனாகிலும் கடினப்பட்டுப்போகாதபடிக்கு "நாடோறும் ஒருவருக்கொருவர் புத்திசொல்லுங்கள்" என்கிறது. தன் மனம் மரத்துப்போவது தனக்கே தெரியாது என்பதனால்தான் அந்த வசனம். மெதடிஸ்ட் இயக்கத்தைத் தொடங்கிய ஜான் வெஸ்லி குருப்பட்டம் பெற்றவர், ஜார்ஜியாவுக்கு மிஷனரியாகப் போய் வந்தவர். அப்படியிருந்தும் தன் விசுவாசம் வெறுமையாக இருக்கிறது என்று உணர்ந்தவர். 1738இல் சிறு குழுக்களுக்கு அவர் ஒரு ஒழுங்கு எழுதினார். வாரம் ஒருமுறை கூடி, போன முறைக்குப்பின் என்ன பாவம் செய்தாய், என்ன சோதனை வந்தது, எப்படித் தப்பினாய் என்று ஒருவரையொருவர் கேட்க வேண்டும். நம் சங்கக் கூட்டங்களில் பாட்டு, செய்தி, காப்பி எல்லாம் இருக்கிறது, இந்தக் கேள்விகள் மட்டும் இல்லை. உங்களைக் கேள்வி கேட்கத் தைரியமுள்ள ஒரு அக்காவையோ தோழியையோ தேர்ந்தெடுங்கள். உங்களைப் பார்த்து வியக்கிறவர்கள் வேண்டாம். உங்கள் சபை ஐயரிடமும் சொல்லலாம். ஆனால் நல்ல ஓய்வுநாள் பள்ளிப் பொறுப்பாளரை இழந்துவிடுவோமோ என்ற கவலை அவருக்கு இருக்கும், அதனால் அவர் ஒருவரோடு நிறுத்திக்கொள்ளாதீர்கள். திறமையுள்ளவர்களிடம் வேலையைக் குவிக்கிற நம் சபைகள், நீ எப்படி இருக்கிறாய் என்று அவர்களைக் கேட்பதே இல்லை. இது எனக்கு நீண்ட நாள் வருத்தம்.

பொறுப்பை விட்டுவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். இப்போதே விட வேண்டாம். குற்றவுணர்வில் எடுக்கிற ராஜினாமா பெரும்பாலும் இன்னொரு மறைவிடமாக ஆகிவிடும். பொறுப்பையும் விட்டுவிட்டேன், உத்தமமாக நடந்துகொண்டேன் என்ற திருப்தி வந்து, தம்பி மறுபடியும் வேறு விஷயமாகிவிடுவார். இந்த வருடத் தேர்வு முடியும்வரை நடத்துங்கள். இளையவர்கள் ஒருவரிருவரைப் பழக்குங்கள். அதன்பின் மூன்று மாதம் விடுப்புக் கேளுங்கள், அந்த ஞாயிற்றுக்கிழமைகளில் பின்வரிசையில் உட்கார்ந்து ஆராதனையில் மட்டும் கலந்துகொள்ளுங்கள். அதற்குப் பின்னும் பாடம் நடத்துவது பாரமாகவே இருந்தால் அப்போது விடுவதைப் பற்றிப் பேசலாம்.

தம்பிக்கு இந்த வாரமே போன் செய்யுங்கள். வீட்டைப் பற்றி அந்த முதல் பேச்சில் எடுக்காதீர்கள், அவர் எடுத்தாலும் "அதை அப்புறம் பேசலாம், நீ எப்படி இருக்கிற?" என்று கேளுங்கள். அவர் போனை எடுக்காவிட்டால் கைப்பட ஒரு கடிதம் எழுதித் தபாலில் போடுங்கள், வாட்ஸ்அப்பில் வேண்டாம். நீங்களும் ஏதாவது புண்படும்படி பேசியிருந்தால் அந்த ஒன்றுக்கு மட்டும், "ஆனால் நீயும்" என்று சேர்க்காமல், மன்னிப்புக் கேளுங்கள். பதில் வராமலும் போகலாம். அப்படியானாலும் எனக்கு எழுதுங்கள், அடுத்து என்ன செய்யலாம் என்று சேர்ந்து பார்ப்போம்.